கல்வாரி விளக்குகள் திக்கிய வாரம்

இன்று காலை உங்கள் விளக்குகளில் ஏழாவதை எரியவிட்டேன். ஹட்டனில் பத்து நாளாக வெயில் முகம் காட்டவில்லை. நம் லைட், லவுட்ஸ்பீக்கர் கடையின் பின்னறைச் சுவர் வியர்த்துக் கிடக்கிறது. ஈரம் ஏறாதிருக்க ஒவ்வொரு விளக்கையும் வாரத்தில் ஒருமுறை அரைமணி நேரம் எரியவிட வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். சூடேறியதும் அந்த மணம் வந்தது. தூசி கருகும் மணம், அதற்கு அடியில் லேசாகத் தேயிலை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளை உரித்து அந்தத் தகரக் கூட்டுக்குள் நீங்கள் ஒட்டி முப்பது வருடம் ஆகிறது. இன்னும் மணக்கிறது என்றால் கடையில் எனக்கு உதவும் ராணி சிரிக்கிறாள். "அம்மா, அது லைட்டுல இல்ல, ஒங்க மூக்குல இருக்கு" என்கிறாள். இருக்கட்டும். மூக்கும் என்னுடையது, விளக்கும் என்னுடையது.

நீங்கள் போன இந்த மூன்று வருடங்களில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது ஜெபிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வேலை என்று நினைப்பவள் நான். ஆனால் இது முறைப்பாடு. முறைப்பாட்டை உரியவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

போன தவக்காலத்தில், ஆண்டவரின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்திலிருந்து உங்கள் பன்னிரண்டு விளக்குகளையும் கழற்றிவிடப் பார்த்தார்கள். அவற்றோடு என்னையும்.

நாடகம் இப்போதும் நோர்வூட் போகும் பாதையோரத்துக் கோயில் முற்றத்தில்தான் நடக்கிறது. பெரிய மேடை கோயில் வாசலில். கல்வாரி மலை மட்டும் பாதைக்கு அந்தப் பக்கம், தேயிலைச் சரிவில். மூன்று சிலுவைகளும் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிற்கும். நடுவில் ஓடும் பாதையில் பஸ்ஸும் கொழுந்து லொறியும் போவதால் குறுக்கே வயர் இழுக்க விடமாட்டார்கள். அதனால்தான் மணிக்கூண்டில் ஒன்று, சரிவில் ஒன்று என்று இரண்டு வயர்லெஸ் பெட்டிகளை மாட்டினீர்கள். முற்றத்தில் இருக்கும் லைட் போர்டிலிருந்து நான் விரலை அசைத்தால் பாதைக்கு அப்பால் உங்கள் பன்னிரண்டும் ஏறும், இறங்கும். நீங்கள் இருந்தபோதே பல வருடம் போர்டில் உட்கார்ந்தது நான்தான். நீங்கள் ஏணியில், நான் போர்டில்.

இந்த வருடம் நாடகக் குழு கொழும்பிலிருந்து ஒரு வானத்தை வரவழைத்தது. மேடையின் பின்னால் தொங்கும் துணி, அதில் மூவாயிரத்து நானூறு பொட்டு எல்.ஈ.டி. விடியலும் வரும், இடிமேகமும் வரும். நான் குறை சொல்ல மாட்டேன், அழகாகவே இருந்தது. கூடவே பிரதீப் என்ற முப்பது வயது டெக்னீஷியன் வந்தான். மரியாதையான பிள்ளை, வேலை தெரிந்தவன். குறை சொல்ல இடம் வைக்காதவர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல் வரும், உங்களுக்குத் தெரியும்.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் ஒத்திகை. வானம் ஒழுங்காக மாறியது. கல்வாரிக் காட்சி வந்தது. ஆண்டவர் உயிர் விடும்போது உங்கள் விளக்குகள் பன்னிரண்டு எண்ணுவதற்குள் மெல்ல மெல்ல அணைய வேண்டும். நான் இறக்கினேன். வெளிச்சம் படியில் உருண்ட பானை மாதிரி இறங்கியது. பாதியில் நின்றது. திரும்பத் துள்ளி ஏறியது. மறுபடி விழுந்தது. இயேசுவாக நடிக்கும் கொழுந்து லொறி டிரைவர் சிலுவையில் தொங்கியபடியே ஒரு கண்ணைத் திறந்து பாதைக்கு இந்தப் பக்கம் கத்தினார்:

"அக்கா, நான் சாகுறதா, வேணாமா? சரியா சொல்லுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். முப்பது வருடத்தில் அந்த இடத்தில் ஒருவரும் சிரித்ததில்லை.

பிரதீப் வந்து என் பக்கத்தில் நின்றான். "ஆன்ட்டி, அந்த லைட் எல்லாம் ரொம்பப் பழசு. நான் எட்டு எல்.ஈ.டி. கொண்டு வர்றேன். பிரச்சினை முடிஞ்சுது."

குழுத் தலைவர் சூசை, தோட்டத்தில் வேலை மேற்பார்த்த பழைய கண்டாக்கு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் ஆள் நிறுத்தும்போதும் அவர் தொப்பியைக் கழற்றித்தான் சொல்வார் என்பார்கள்.

"திரேசாக்கா, ஒங்களுக்கும் வயசாகுது. இனி ஏன் இந்தச் செரமம்? முன் வரிசையில ஒங்களுக்குன்னு ஒரு கதிரை போட்டுடுறோம். ஐயா ஞாபகார்த்தமா கோயில் முத்தத்துல ஒரு கல்லும் வச்சிருவோம்."

"சேமக்காலையில கல்லறை மேல அவருக்கு ஏற்கெனவே ஒரு கல் இருக்கு, கண்டாக்கையா. அவருக்கு அது போதும்" என்றேன். "புதன்கிழமை ராவு ஏழு மணிக்குத் திரும்ப ஒருக்கா ஓட்டிக் காட்டுறேன். அப்பவும் திக்குச்சுன்னா நானே கழட்டித் தர்றேன். போர்டுலயும் உக்கார மாட்டேன்."

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். கொழும்பிலிருந்து வரும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நம் ஆட்களின் முகம் சாம்பல் பூசியது போலத் தெரிகிறது. உங்கள் மஞ்சள் விளக்கில்தான் கறுத்த முகத்தில் கண்ணீர் தெரியும். இது பாசத்தில் சொல்வதல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

திங்கட்கிழமை ராணியைச் சரிவுக்கு அனுப்பினேன். விளக்குகளின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் டிமர் பெட்டியில் கையால் திருகும் குமிழ் இருக்கிறதே, அதை மெதுவாகத் திருகச் சொன்னேன். பன்னிரண்டும் வெண்ணெய் உருகுவது போல அணைந்தன. ஆக விளக்கில் குற்றமில்லை. போர்டிலிருந்து விளக்குக்குப் போகும் வழியில்தான் குற்றம்.

முதலில் சந்தேகப்பட்டது போன்களை. மணிக்கூண்டுப் பெட்டிதான் முற்றத்துக்கு இன்டர்நெட்டும் கொடுக்கிறது. டோஹாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ காட்டுவதற்காகச் சூசை ஐயா பாடகர் குழு முழுவதற்கும் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். நான் ஒரு கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போய் இருந்தவர்கள் அத்தனை பேரின் போனையும் வாங்கி, அணைத்து, அதற்குள் போட்டேன். பரபாஸ் வேடக்காரர் தன் போனைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். "அக்கா, கடைசியில விடுதலையாகுறது நான் மட்டும்தானே, என் போனையும் விட்டுருங்க" என்றார். அதையும் பிடுங்கினேன். பிறகு ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். திக்கல் நிற்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்ப் போனைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

செவ்வாய் மத்தியானம் போர்டை வீட்டு மேசையில் வைத்து அதன் திரையில் உள்பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் லைன் போட்டவள். பேச்சு எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று தேட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்டு பேசுவது எண்களில். ஐந்நூற்றுப் பன்னிரண்டு எண்களை ஒரு கட்டாகக் கட்டி அனுப்பும், வினாடிக்கு நாற்பது தடவை. போன வருடம் வரை நமக்கு மூன்று கட்டு போதுமாக இருந்தது. வானத்தின் ஒவ்வொரு பொட்டுக்கும் மூன்று எண் வேண்டும். கணக்குப் போட்டேன்: வானத்துக்கு மட்டும் இருபது கட்டு. மொத்தம் இருபத்து மூன்று. வயரில் போனால் இது ஒரு பாரமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டும் எங்கே போகிறது என்று காட்டும் வரிசையைத் திறந்தபோது, மேலிருந்து கீழ்வரை ஒரே பதில் இருந்தது. எல்லாருக்கும். எல்லாருக்கும். எல்லாருக்கும்.

அதாவது, மேடை வானத்துக்கான இருபது கட்டும் பாதையைக் கடந்து மலைக்கும் போய்க்கொண்டிருந்தன. அங்கே அவற்றைக் கேட்க ஒருவரும் இல்லை. அது போதாதென்று அந்த வயர்லெஸ் பெட்டிக்கு ஒரு குணம். ஒருவருக்கென்று வந்த செய்தியை ஓடிப்போய்ச் சொல்லும். எல்லாருக்கும் என்று வந்ததை, தூரத்தில் நிற்பவருக்கும் விளங்கட்டும் என்று மிக மெதுவாகச் சொல்லும். கொன்வென்ட்டில் சிஸ்டர் சொல்வதெழுதுதல் வைக்கும்போது, கடைசி வாங்கில் இருப்பவள் எழுதி முடிக்கும்வரை முன் வாங்கில் நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பேனே, அப்படி. உங்கள் விளக்குகளுக்கான ஒரேயொரு கட்டு, வேண்டாத இருபதின் பின்னால் வரிசையில் நின்று திக்கிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும்" என்று போட்டது யார்? பிரதீப் இல்லை. அவன் முன்பிருந்த வழக்கத்தைப் பார்த்து அப்படியே தொடர்ந்திருக்கிறான். போட்டது நீங்கள்.

போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. போர்டை வாங்கிய புதிது, இதே மேசை. கட்டை வாங்கி விளக்குகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு, கட்டை அந்த நம்பருக்கே அனுப்பலாம் என்று நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"என்ன எக்ஸ்சேஞ்சம்மா, இங்கயும் லைன் போட வந்துட்டீங்களா?" என்று சிரித்தீர்கள். "நம்பர் நம்பரா எழுதி, ஒண்ணு விட்டுப் போச்சுன்னா?"

"நான் விட மாட்டேன்."

"நீங்க விட மாட்டீங்க. நாளைக்கு ஒங்க எடத்துல ஒக்கார்றவன் விட்டுருவான். எல்லாருக்கும் அனுப்பு. வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும்."

பிறகு சிரிப்பு நின்றது. உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுக்கக் கடைசி நாள் எது என்பதைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒருதடவை தப்படித்துச் சொன்னார்கள். கீழ் டிவிஷன் லயத்து வீடுகளுக்கு அது எட்டவில்லை. உங்கள் அப்பா அந்த நாளைத் தவறவிட்டார். நீங்கள் எந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்ல ஒரு கடதாசி இல்லாமலே வளர்ந்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் எத்தனையோ வருடம் கந்தோர் கந்தோராக நாம் அலைந்தோம். சங்கக் கூட்டம் என்றாலும் சாவு என்றாலும், தோளில் லவுட்ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு கடைசி லயம்வரை நீங்கள் நடந்தது அதனால்தான்.

அன்று நான் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் அப்பாவின் கதைக்கு முன்னால் நம்பரைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. அது என் பிழை. துக்கத்துக்கு மரியாதை கொடுக்கலாம், போர்டின் சாவியைக் கொடுத்திருக்கக் கூடாது.

செவ்வாய் பின்னேரம் நம்பர் நம்பராக எழுதினேன். வானத்தின் இருபது கட்டும் வானத்தின் பெட்டிக்கு மட்டும், வயர் வழியே. மலைக்கு அதன் ஒரு கட்டு. மற்றவைக்கு அவரவர் நம்பர். வானம் வினாடிக்கு நாற்பது தடவை மாறத் தேவையில்லை, நிஜ வானமே அவ்வளவு அவசரப்படுவதில்லை. அதைப் பாதியாக்கினேன். இன்டர்நெட் பாஸ்வேர்டையும் மாற்றினேன், அது தனிச் சண்டை.

எழுதி முடித்தபின் ஒரு யோசனை வந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் புதன்கிழமை ஓட்டிக் காட்டலாம். ஏதோ வயர் லூஸ் என்று சொல்லலாம். உங்கள் பெயரில் ஒரு கீறலும் விழாது. தேத்தண்ணீர் ஆறும் வரை அதை யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று வைத்தேன். பிழையை மூடிவைத்துக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு உங்கள் பெயர் மெலிந்ததல்ல.

புதன் இரவு ஏழு மணிக்குக் குழு முழுவதும் வந்திருந்தது. மூடுபனியும் வந்தது. கல்வாரி வெளிச்சத்தை இறக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டு. ஒரு நடுக்கம் இல்லை. மலையில் இருட்டு, பால் ஆடை படிவது போலப் படிந்தது. சிலுவையில் இருந்தவர் வாய் திறக்காமல் செத்தார். நான் நிமிர்ந்து சூசை ஐயாவைப் பார்த்தேன்.

அப்போது மேடைப் பக்க ஏணியிலிருந்து ராணி கத்தினாள்:

"அம்மா! மாதாவுக்கு லைட் வரல!"

பெண்கள் அழும் இடத்துக்கான இரண்டு விளக்குகள் இருட்டில் கிடந்தன. மாதாவாக நடிக்கும் பிள்ளை நெஞ்சில் கை வைத்தபடி இருளில் நின்றது. ஒன்பது பெட்டிகளில் எட்டின் நம்பரை எழுதியிருந்தேன். ஒன்பதாவதை விட்டுவிட்டேன். உங்கள் பயம் இத்தனை வருடம் காத்திருந்து, அத்தனை பேர் முன்னால் என் கன்னத்தில் அறைந்தது.

பிரதீப் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பை மறைக்க. நான் ஒன்பதாவது நம்பரை எழுதினேன். மாதாவுக்கு வெளிச்சம் வந்தது. பிறகு எழுந்து நின்றேன்.

"மூணு பிழை நடந்திருக்கு. எல்லாருக்கும் அனுப்புன்னு போட்டு வச்சது என் வீட்டுக்காரர். தம்பி அதைப் பார்க்காமலே இருபது கட்டை அதுக்கு மேல ஏத்திவிட்டது. ஒரு நம்பரை விட்டது நான். வெளக்கு ஒரு பிழையும் செய்யல. அது அங்கதான் இருக்கும்."

சூசை ஐயா விடவில்லை. "அப்ப ஐயா சொன்னதுதானே சரி? எல்லாருக்கும் அனுப்பியிருந்தா மாதா இருட்டுல நின்னிருக்க மாட்டாங்களே?"

பதில் எனக்கு அந்த இடத்தில்தான் கிடைத்தது. உங்களுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

"மாதா இருட்டுல நிக்கிறது ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுதே, கண்டாக்கையா. பேர் எழுதி வச்சா, யார் விட்டுப்போனாங்கன்னு எண்ணிப் பார்க்கலாம். எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு இருந்துட்டா, யாருக்குக் கேக்கலைன்னு யார் பார்ப்பா?"

நான் மனதுக்குள் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பாவை விட்டது பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அல்ல. அவரைப் பெயர் சொல்லி யாருமே கூப்பிடவில்லை. மேல் டிவிஷனில் ஒரு தப்பை அடித்துவிட்டு, எல்லாருக்கும் சொன்னோம் என்று கையைத் துடைத்துக்கொண்டவர்கள்தான் அவரை விட்டார்கள். அந்த வார்த்தையைப் போய் நம் போர்டில் எழுதி வைத்தீர்களே!

பெரிய வெள்ளி அன்று சனம் வருமுன் ஒன்பது பெட்டியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தாளோடு நின்றேன். சூசை ஐயா தாளைக் கையிலிருந்து வாங்கினார். "இது பெரட்டு, அக்கா. ஒங்களுக்குக் கூப்பிடத் தெரியாது" என்றார். முப்பத்தைந்து வருடம் விடியல் பெரட்டில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தொண்டை. "ஒண்ணாம் நம்பர்!" ராணி ஓடிப்போய்ப் பார்த்து, "வந்திருக்குங்க!" என்றாள். மலையிலிருந்து பிரதீப் கத்தினான், "ஏழு இருக்கு, ஐயா!" ஒன்பதுக்கும் பதில் வந்த பிறகே சனத்தை விட்டோம். உங்கள் பன்னிரண்டும் எரிந்தன. போர்டில் நான் இருந்தேன். முன் வரிசைக் கதிரையில் யாரோ தன் குடையை வைத்திருந்தார்கள்.

ஆகவே முறைப்பாடு இதுதான்: நீங்கள் செய்தது பிழை. பயந்தது சரி. பிழையைத் திருத்திவிட்டேன். பயத்தை வைத்துக்கொண்டேன்.

போன மாதம் லயத்து ஆட்களுக்கு வீட்டுக் காணி கொடுப்பதைப் பற்றி ஒரு கூட்டம். பாதி மண்டபம் காலி. மேசையில் இருந்த உத்தியோகத்தர், எல்லாருக்கும் அறிவித்தாகிவிட்டது, வராதவர்கள் பிறகு குறை சொல்லக் கூடாது என்று முடிக்கப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். முழங்கால் வலித்தது, நின்றேன். முதலில் சிங்களத்தில் கேட்டேன், பிறகு மண்டபம் முழுவதற்கும் விளங்கட்டும் என்று தமிழில் கேட்டேன்.

"யார் யாருக்குச் சொன்னீங்க? பேரை வாசிங்க. நாங்க ஒக்காந்திருக்கோம்."

கீழ் லயத்தில் பதினொரு வீட்டுப் பெயர் அந்தத் தாளில் இல்லை. பதினொன்றையும் அவர் எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.